பினாங்கில் ஆறு நாள்: ஆயாவின் பாக்கித் தேங்காய்

பிப்ரவரி 8, 2025, சனி

தைப்பூசத்துக்காக நானும் அம்மாவும் மலேசியாவின் பினாங்கில் வந்து இறங்கிவிட்டோம். பெட்டிதான் வரவில்லை. கோலாலம்பூரில் விமானம் மாறிய இடத்தில் அது தங்கிவிட்டதாம். "நாளைக்கு வரும், இல்லாவிட்டால் நாளை மறுநாள்" என்று சொல்லி ஒரு படிவத்தை நீட்டினார்கள். என் பெட்டியாக இருந்தால் நான் பாட்டுக்குப் போயிருப்பேன். காணாமல் போனது அம்மாவுடையது. அதில்தான் விரதச் சேலை, விபூதிப் பை, அப்புறம் அந்த முடிப்பு.

முடிப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் தாத்தா பினாங்கில் ஒரு செட்டியார் கிட்டங்கியில், அதாவது வட்டிக்கடையும் தங்குமிடமும் சேர்ந்த வீட்டில், சமையல் வேலை பார்த்தவர். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் வந்து குண்டு போட்டதோடு கப்பலும் நின்றது, கடிதமும் நின்றது. தேவகோட்டையில் இருந்த ஆயா, என் பாட்டி, 'மனுசன் உசுரோடு திரும்பி வந்தால் பினாங்கு முருகன் தண்ணீர்மலையானுக்கு அங்கேயே போய்த் தேங்காய் உடைக்கிறேன்' என்று வேண்டிக்கொண்டு, ஒரு வெள்ளி ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து அரிசிப் பானைக்குள் வைத்தாராம். 1946-இல் தாத்தா வந்து சேர்ந்தார். ஆயாவுக்குக் கடல் தாண்ட வாய்க்கவில்லை, தாத்தாவும் மறுபடி போகவில்லை. முடிப்பு பானையிலிருந்து டிரங்குப் பெட்டிக்குப் போய், அங்கிருந்து அம்மாவின் பீரோவுக்கு வந்து, இப்போது கோலாலம்பூரில் யாரும் எடுக்காத சாமான்களோடு கிடக்கிறது.

அம்மாவுக்கு 71 வயது. விமான நிலைய நாற்காலியில் உட்கார்ந்து, "எண்பது வருசம் பத்திரமா இருந்துச்சு. என் கையில வந்ததும் தொலைஞ்சிருச்சு" என்றார். அழவில்லை. எனக்குத்தான் வயிற்றைப் பிசைந்தது.

வாடகைக் கார் ஓட்டுநர் தமிழர், நாற்பது வயது இருக்கும். ஏறியதும் கேட்ட முதல் கேள்வி: "பசியாறிட்டீங்களாம்மா?" இங்கே காலைச் சாப்பாட்டுக்கே பசியாறுவது என்றுதான் சொல்கிறார்கள். 'டிஃபன் ஆச்சா' என்று கேட்டுப் பழகிய காதுக்கு இது எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா. அடுத்த ஆறு நாளும் அவரையே கூப்பிட்டோம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பெட்டி இன்றும் வரவில்லை. லிட்டில் இந்தியாவில் 45 ரிங்கிட்டுக்கு ஒரு மஞ்சள் சேலை வாங்கினோம். ஒரு ரிங்கிட் ஏறக்குறைய இருபது ரூபாய். அம்மா மனதுக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டு, "நம்ம ஊர்ல இதுக்கு ரெண்டு வாங்கலாம்" என்றார். ஒரே ஒரு தேங்காய்க்கு மூன்று ரிங்கிட். இந்த வருடம் காய்த் தட்டுப்பாடாம், கடைக்காரர் பேரம் என்ற பேச்சுக்கே வரவில்லை. இலைச் சாப்பாடு 12 ரிங்கிட். ரசம் நன்றாக இருந்தது. கூட்டில் மட்டும் ஏன் அவ்வளவு சீனி என்று புரியவில்லை.

சாயங்காலம் பழைய ஊரைச் சுற்றினோம். ஜார்ஜ் டவுன் 2008-இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. பத்துப் பதினைந்து நிமிட நடையில் 1818-இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் குவான் யின் கோயில், 1833-இன் மகாமாரியம்மன் கோயில், தமிழ் முஸ்லிம்கள் 1801-இல் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் எல்லாம் வந்துவிடுகின்றன. நம்ம நாகூர் ஆண்டவருக்கும் இங்கே ஒரு தர்கா உண்டு. வழிகாட்டிகள் இதற்கு 'நல்லிணக்கத் தெரு' என்று பெயர் வைத்துக் கூட்டம் கூட்டமாக அழைத்துப் போகிறார்கள்.

எனக்கு இந்தப் பேச்சில் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. எங்கள் ஊரிலும் கோயிலும் பள்ளிவாசலும் மாதா கோயிலும் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கின்றன. கட்டடங்கள் சண்டை போடுவதில்லை, அவ்வளவுதான்.

திரும்பும்போது ஓட்டுநரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "வாடகைக்கு வீடு தேடிப் பாருங்கக்கா. 'இந்தியருக்கு இல்லை'ன்னு விளம்பரத்துலயே போட்டிருப்பாங்க. எனக்கே ரெண்டு வீடு அப்படிப் போச்சு. ஒரு வீட்டுக்காரர் சீனர். நாளைக்குப் பாருங்க, அதே ஆளு ரதத்துக்கு முன்னாடி ஐந்நூறு தேங்காய் உடைப்பாரு. வருசா வருசம் உடைக்கிறாரு."

"ரெண்டும் எப்படிப்பா ஒரே ஆளு?" என்றார் அம்மா.

"அதாம்மா பினாங்கு."

கார் கொஞ்ச தூரம் போயிருக்கும். அம்மா சன்னல் பக்கம் திரும்பியபடி, "நம்ம ஊர்ல மட்டும் என்னவாம். என்ன ஆளுகன்னு கேட்டுத்தானே சாவியைக் குடுக்குறோம்" என்றார். எங்கள் மாடி வீட்டை ஒரு பாய் குடும்பம் கேட்டு வந்ததும், 'தம்பி வரப்போறான்' என்று அம்மா பொய் சொல்லி அனுப்பியதும் எனக்கு ஞாபகம் வந்தது. அம்மாவுக்கும் அதுதான் வந்திருக்க வேண்டும். இரண்டு பேரும் அதைப் பேசவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

இன்று எழுதக் கை வரவில்லை, கால் வலி. ஆனாலும் எழுதாமல் விடக் கூடாத நாள்.

பினாங்கில் தைப்பூசம் முதல் நாளே ரதத்தோடு ஆரம்பித்துவிடுகிறது. பினாங்கு வீதியில் இருக்கும் கோயில் வீட்டிலிருந்து முருகன் வெள்ளி ரதத்தில் புறப்பட்டு, தண்ணீர்மலை அடிவாரத்து நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலுக்குப் போய்ச் சேர வேண்டும். 1894-இல் காரைக்குடியிலிருந்து கப்பலில் வந்த ரதம். 2017-இலிருந்து மகாமாரியம்மன் கோயிலிலிருந்து தங்க ரதத்தில் வேலும் புறப்படுகிறது. ஒரு முருகனுக்கு எதற்கு இரண்டு ரதம் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். அந்தச் சண்டையில் வெளியூர்க்காரி எனக்கென்ன வேலை. விடியலில் புறப்பட்டது நள்ளிரவு தாண்டியும் போய்ச் சேராதாம். காரணம் தேங்காய்.

நாம் சிதறுகாய் என்றால் ஒன்று, மிஞ்சினால் நூற்றியெட்டு உடைப்போம். இங்கே சாலையின் இரண்டு பக்கமும் உரித்த காய் மலைமலையாகக் குவிந்து கிடக்கிறது. குவியலுக்குப் பின்னால் நிற்பவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். கடை வைத்திருப்பவர்கள், பட்டறைக்காரர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், சக்கர நாற்காலியில் ஒரு கிழவர். குவியலின் உச்சியில் கட்டை விரல் மொத்தத்தில் சீன ஊதுபத்தி புகைகிறது. ரதம் கிட்டே வந்ததும் பத்தியை இரண்டு கையாலும் நெற்றிக்கு நேரே பிடித்து மூன்று முறை அசைத்துக் கும்பிடுகிறார்கள். அப்புறம் ஒரு பத்து நிமிடம் நடப்பதைப் பூசை என்பதா போர் என்பதா. பத்து இருபது பேர் சேர்ந்துகொண்டு தார்ச்சாலையில் ஓங்கி ஓங்கி எறிகிறார்கள். இளநீர் வாடை, சில்லுகள் தெறிக்கும் சத்தம், "வேல்! வேல்!" முடிந்ததும் இயந்திரம் வந்து ஓடுகளை வாரி ஒதுக்குகிறது, ரதம் நாலு அடி நகர்கிறது. அங்கே அடுத்த மலை.

நாங்கள் டத்தோ கெராமாட் சாலையில் ஓர் உதிரிபாகக் கடை வாசலில் நின்றோம். அறுபது வயது மதிக்கத்தக்க சீன அம்மாள் ஒருவர் தன் குவியலைக் காவல் காப்பது மாதிரி ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மஞ்சள் சட்டை, வெறுங்கால். எங்கள் ஓட்டுநர் மலாயில் பேச்சுக் கொடுத்தார். பேரனுக்கு இதயத்தில் ஓட்டை, அறுவை சிகிச்சை நடந்து நான்கு வருடம், வருடத்துக்கு 108 காய். சாமி பெயர் கேட்டதற்கு "முருகா" என்றார், கடைசி எழுத்தை ஒரு மாதிரி இழுத்து. பத்து நாளாகச் சைவமாம்.

அம்மா அந்தப் பத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். "கிருத்திகைக்குக்கூட நம்ம வீட்டுல பத்து நாள் எவ இருந்தா" என்றார் என்னைப் பார்த்து.

ரதம் வந்தது. அம்மா முந்தானைக்குள் வைத்திருந்த ஒற்றைத் தேங்காயை எடுத்துக்கொண்டு எட்டு வைக்கிறார், கூட்டம் பின்னால் தள்ளுகிறது. அதைப் பார்த்த அந்தச் சீன அம்மாள் தன் ஆட்களை ஹாக்கியன் என்ற சீனப் பேச்சில் ஒரு அதட்டு அதட்டினார். எறிந்துகொண்டிருந்த நான்கு தடியன்களும் கையை நிறுத்திவிட்டார்கள். அம்மாவின் முழங்கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டு அவர் விலகிக்கொண்டார்.

அம்மா கண்ணை மூடினார், என்னவோ முணுமுணுத்தார், எறிந்தார். காய் உடையவில்லை. தரையில் ஒரு துள்ளுத் துள்ளி ஓடுகளுக்கு நடுவே உருண்டு போய்விட்டது.

உடையாத தேங்காய் அபசகுனம் என்று கேட்டே வளர்ந்தவர் அம்மா, நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவின் முகம் அப்படியே இருண்டுபோனது. முடிப்பு வேறு கையில் இல்லை. நான் கிட்டே போவதற்குள் அந்த அம்மாள் குனிந்து, ஈரத்தில் கிடந்த காயைத் தேடி எடுத்து, சட்டையில் துடைத்தார். தன் குவியலில் இத்தனை காய் கிடக்க, அதே காயைத்தான் அம்மாவின் கையில் திரும்ப வைத்தார். குடுமியிருந்த பக்கம் மேலே வராமல் காயைச் சாய்த்துக் காட்டி, இடுப்பை வளைத்து எறிவது எப்படி என்று வெறுங்கையால் செய்து காட்டினார். பஸ்ஸில் உட்காரும் இடத்தைக் காட்டுவது போல ஒரு சாதாரண முகம். பரிதாபம் இல்லை, சிரிப்பும் இல்லை.

இரண்டாவது எறிக்கு மூன்று துண்டாகச் சிதறியது. அதில் ஒரு சில்லு என் கால் பெருவிரலில் ஏறியதைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் பார்த்தேன். செருப்பை எங்கேயோ விட்டிருந்தேன், கடைசிவரை கிடைக்கவில்லை. கடைக்காரப் பையன் தண்ணீர் ஊற்றிக் கழுவி, மருந்து வைத்துக் கட்டுப் போட்டான். "சாமி காலை வாங்கிட்டாரு" என்று தமிழில் சொல்லிவிட்டு அவனே சிரித்தான். யாரிடம் கற்றானோ. புதுச் செருப்பு பத்து ரிங்கிட்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். மலைக்கோயிலுக்கு 513 படி. கட்டுப் போட்ட காலோடு ஏறினேன். அம்மா எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தார் என்பதை எழுதி வைக்கத்தான் வேண்டும். காவடி எடுத்தவர்களில் சீனர்கள் நிறைய. அலகு குத்திய ஒரு சீன இளைஞரைச் சுற்றித் தமிழ்ப் பையன்கள் உறுமி அடித்துப் பாடிக்கொண்டு போனார்கள். அடி தப்பினால் அவரே திரும்பிப் பார்த்து முறைத்தார்.

வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தல். ஒரு பந்தலில் நீர்மோர், அடுத்ததில் சீனத் தொண்டர்கள் கொடுத்த சோயாப் பால், அதற்கடுத்ததில் சைவ மீகூன், நம்ம அரிசிச் சேமியா மாதிரி. எதற்கும் காசு இல்லை. சத்தம்தான் தாங்கவில்லை. ஒவ்வொரு பந்தலிலும் ஆள் உயர ஒலிபெருக்கி, முருகன் பாட்டுக்கு டிஸ்கோ தாளம். வெயில் மண்டையைப் பிளந்தது. மதியத்துக்கு மேல் எனக்கு எந்த நல்லிணக்கமும் வேண்டாம், ஒரு மின்விசிறி போதும் என்றாகிவிட்டது.

பிப்ரவரி 12, புதன்

பெட்டி வந்துவிட்டது! ஒரு சக்கரம் போயிருக்கிறது. அம்மா நடைபாதையிலேயே திறந்து முடிப்பை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மாலை அந்தச் சீன அம்மாள் எங்களை வரச் சொல்லியிருந்தார். இன்று அவர்களுடைய சாப் கோ மே, சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் நாள். கடைக்குப் பின்னால்தான் வீடு. வாசலில் சிவப்பு விளக்கு, உள்ளே முன்னோர் படங்கள், பக்கத்துச் சுவரில் பழனி முருகன் காலண்டர் படம் ஒன்று, அதற்கும் ஒரு ஆரஞ்சு வைத்திருந்தார்கள்.

பெங்காட் என்று ஒரு இனிப்பு கிண்ணத்தில் வந்தது. தேங்காய்ப் பாலில் வாழைப்பழம், சர்க்கரைவள்ளி, சேம்பு போல ஒரு கிழங்கு. அம்மா வெளியில் பச்சைத் தண்ணீர் குடிக்கவே யோசிப்பவர். மூன்று நாளாகப் பழமும் தோசையுமாக ஓட்டிக்கொண்டிருந்தார். கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "முட்டை கிட்டை போட்டிருக்கான்னு கேளு." ஓட்டுநர் கேட்டார். இல்லை. "பாத்திரம்?" இதை அவர் மொழிபெயர்க்கவில்லை, நல்ல மனிதர். ஆனால் அந்த அம்மாளுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே போய், விரதத்துக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கும் சட்டியைக் கொண்டுவந்து காட்டினார். எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு சட்டி உண்டு, அடுக்களைப் பரணில் மேல் தட்டில்.

அம்மா சாப்பிட்டார். இரண்டாவது கிண்ணமும் வாங்கினார். ஏலக்காய் இல்லாதது ஒரு குறை என்றார். இவர்கள் அதில் போடும் வாசனை இலையைக் காட்டி நம் வீட்டிலும் இருக்கிறதா என்று அந்த அம்மாள் கேட்க, ஒரு கால் மணி நேரம் இரண்டு கிழவிகளும் ஆளுக்கொரு மொழியில் தேங்காய்ப் பாலைப் பற்றியே பேசினார்கள். முதல் பாலை எப்போது ஊற்றுவது என்பதில் கருத்து வேறுபாடு.

அப்புறம் கடற்கரைக்குப் போனோம். கல்யாணமாகாத பெண்கள் நல்ல புருசன் கிடைக்க ஆரஞ்சுப் பழத்தைக் கடலில் எறிவார்கள். "உனக்கு லேட்டு" என்றார் அம்மா என்னிடம். எனக்குக் கல்யாணமாகி இருபது வருடம். கடலுக்கு மேலே முழு நிலா.

பிப்ரவரி 13, வியாழன்

நாளைக் காலை விமானம். இன்று காலையில் கோயில் வீட்டுக்குப் போய் முடிப்பை உண்டியலில் போட்டோம். போடும் முன் அம்மா துணியை அவிழ்த்துப் பார்த்தார். ஜார்ஜ் மன்னர் தலை போட்ட ரூபாய், கறுத்துப்போய். தாத்தா எந்த அடுப்படியில் நின்று சமைத்தார் என்று அம்மா கேட்டுப் பார்த்தார். யாருக்கும் தெரியவில்லை. தெருவில் பல கிட்டங்கிகள் இருந்திருக்கின்றன.

சாயங்காலம் நாசி கந்தர் சாப்பிடாமல் ஊருக்குப் போகக் கூடாது என்று நான் அடம் பிடித்தேன், விரதம் முடிந்துவிட்டதே. நாசி என்றால் மலாயில் சோறு, கந்தர் என்றால் தோளில் சுமக்கும் கழி. அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் அதன் ஒரு முனையில் சோற்றையும் மறுமுனையில் குழம்பையும் தொங்கவிட்டுத் தெருத் தெருவாக விற்றார்களாம். அதுவும் ஒரு காவடிதான். கடைக்காரர் கடையநல்லூர் வழி வந்தவர், பாட்டன் காலத்தில் வந்த குடும்பம். பேச்சில் திருநெல்வேலி வாடை இன்னும் போகவில்லை. "வெள்ளமா ஊத்தட்டுமா?" என்றார். நாலு குழம்பையும் கலந்து சோறு மிதக்க ஊற்றுவதுதான் இங்கே வழக்கம். மீன் தலை, வெண்டைக்காய், 14 ரிங்கிட். நாக்கில் இன்னும் இருக்கிறது.

அம்மா உள்ளே வரவில்லை, வெளியே நடைபாதை மேசையில் உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் தானே வந்து நின்றார். "அம்மாவுக்கு எலுமிச்சைச் சாதம் கட்டித் தரவா? கரண்டி வேற, சட்டி வேற."

"வேண்டாந் தம்பி, வயிறு சரியில்லை" என்றார் அம்மா. வயிற்றுக்கு ஒன்றுமில்லை. எனக்குத் தெரியும், கடைக்காரருக்கும் தெரிந்திருக்கும். நேற்று இரண்டு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டவர்தானே என்று எனக்குக் கோபமாக வந்தது. சீன வீட்டில் சட்டியைப் பார்த்ததும் சரி என்றவருக்கு, தமிழ் பேசும் பாய் கடையில் மட்டும் என்ன?

கடைக்காரர் முகம் மாறவில்லை. "சரி, அப்போ டீயாவது குடிங்க. இன்னிக்கு பராஅத் ராவு, சீக்கிரம் கடையைச் சாத்திட்டுப் பள்ளிக்குப் போகணும், கடைசி டீ உங்களுக்குத்தான்." பராஅத் என்பது முஸ்லிம்கள் பள்ளிவாசலில் கூடித் தொழும் இரவு. நேற்றுப் பார்த்த அதே நிலா ஒரு நாள் தேய்ந்து பள்ளிவாசல் மினாராவுக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தது.

மலாயில் இதற்குத் தே தாரிக் என்று பெயர், இழுத்த தேநீர். ஒரு குவளையைத் தலைக்கு மேலே தூக்கி, இன்னொன்றை இடுப்புக்குக் கீழே பிடித்து ஆற்றினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. அம்மா கொஞ்ச நேரம் டம்ளரைக் கையில் வைத்துச் சூடு பார்த்தார். அப்புறம் குடித்தார். பாதியில் நிறுத்தி, "அவரை இன்னொரு தடவை ஆத்தச் சொல்லு, அந்தக் கையைச் சரியாப் பாக்கலை" என்றார்.

"நீங்களே சொல்லுங்கம்மா" என்றேன்.

அம்மா எழுந்து கடைக்குள் போனார்.